பதினான்கு இலக்கங்கள், நான்கு சக்கரங்கள்

சென்னையில் மாலை ஆறு மணிக்கு மேல் எந்தக் கையேந்தி பவன் முன்னால் போய் நின்றாலும் கண் முதலில் தோசைக்கல்லைத்தான் தேடும். அடுத்த முறை போகும்போது வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தையும் கொஞ்சம் பாருங்கள். சாமி படத்துக்கும் பணம் கட்டும் கியூஆர் அட்டைக்கும் நடுவே லேமினேட் செய்த தாள் ஒன்று தொங்கினால், அதில் உணவுப் பாதுகாப்புத் துறை தந்த 14 இலக்க எண் ஒன்று இருக்கும். கைபேசி எண்ணைவிட நான்கு இலக்கம் அதிகம். படிக்கத் தெரிந்தால் அது அந்த வண்டியின் ஜாதகம்.

முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் பதிவு. அடுத்த இரண்டும் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. அதற்கடுத்த இரண்டும் ஆண்டு. பிறகு வரும் மூன்றும் பதிவு செய்த அலுவலருக்கு உரியவை. கடைசி ஆறுதான் வண்டிக்காரரின் சொந்த எண். ஆக, 22419 என்று தொடங்கினால், 2019-இல் தமிழ்நாட்டில் பதிவான சிறு உணவு வியாபாரம் என்று இட்லி வருவதற்குள் சொல்லிவிடலாம்.

உரிமத்துக்கும் பதிவுக்கும் நடுவே கோடு கிழிப்பது ஆண்டு விற்பனை. 2011-இல் உணவுப் பாதுகாப்பு விதிகள் வந்தபோது, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்வரை உள்ளவர்களுக்குப் பதிவு போதும் என்றார்கள். நாள் கணக்கில் சுமார் 3,300 ரூபாய். அப்போது கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய், அதாவது நாளுக்கு 27 பைசா. அதைவிட எனக்குப் பிடித்தது அந்த விதிகளில் இருந்த இன்னொரு வரி: மனு கொடுத்து ஏழு நாளைக்குள் பதிவும் வரவில்லை, மறுப்பும் வரவில்லை, சோதனைக்கும் யாரும் வரவில்லை என்றால் கடையைத் தொடங்கிவிடலாம். அலுவலகத்தின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளச் சட்டமே சொன்னது!

ஆனால் இந்த எண் சொல்வதெல்லாம் 'நீங்கள் சமைத்து விற்கலாம்' என்பது மட்டுமே. 'இந்தத் தெருமுனையில் நின்று விற்கலாம்' என்று அது சொல்வதில்லை. அங்கேதான் உண்மையான புதிர் இருக்கிறது. நிலையான கடைக்குக் கதவு எண் உண்டு. அனுமதியை அதில் ஒட்டிவிடலாம். உருண்டு போகும் கடையின் அனுமதியை எதில் ஒட்டுவது?

2014 மே மாதம் நடைமுறைக்கு வந்த சாலையோர வியாபாரிகள் சட்டம் அதை ஆளின்மேல் ஒட்டியது. 'விற்பனைச் சான்றிதழ்' என்பது அதன் பெயர். ஓரிடத்தில் நிற்பவர், நகர்ந்துகொண்டே விற்பவர் என்று அதில் வகைகள் உண்டு. வாங்குபவர் உறுதிமொழி தர வேண்டும்: எனக்கு வேறு பிழைப்பு இல்லை, நானோ என் குடும்பத்தாரோதான் விற்போம், இதை யாருக்கும் வாடகைக்கு விடமாட்டேன். அவர் இறந்துபோனாலோ நிரந்தரமாக முடங்கினாலோ, சான்றிதழின் காலம் முடியும்வரை துணைவரோ அவரை நம்பியிருக்கும் பிள்ளையோ தொடரலாம்.

அந்த 'வாடகைக்கு விடமாட்டேன்' எவ்வளவு பெரிய சொல் என்பது நியூயார்க்கைப் பார்த்தால் புரியும். உணவு வண்டி அனுமதிகளுக்கு அந்த நகரம் 1983-இல் உச்சவரம்பு வைத்தது. விளைவு, 200 டாலர் கட்டினால் கிடைக்க வேண்டிய ஈராண்டு அனுமதி கள்ளச்சந்தையில் 20,000 டாலருக்கும் மேல் கைமாறியது. அடுப்படியில் வியர்ப்பவர் ஒருவர், காகிதத்தை வைத்துக்கொண்டு சம்பாதிப்பவர் இன்னொருவர்.

நம் சட்டத்திலும் உச்சவரம்பு உண்டு. மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு, அதாவது 40 பேருக்கு ஒருவர். ஒரு மாநகரப் பேருந்தில் எல்லா இருக்கைகளும் நிரம்பியிருந்தால் அதில் ஒருவர் தெரு வியாபாரி. விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 2011 கணக்குப்படி சுமார் 67 லட்சம் பேர். அப்படியானால் இடம் கொடுக்கக்கூடியது ஒன்றே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவான வியாபாரிகளுக்கு.

சட்டத்தின் சாமர்த்தியம் அதன் வரிசையில் இருக்கிறது. வழக்கமாக மனு முதலில், அனுமதி பிறகு, கடை கடைசியில். இங்கே கடைதான் முதலில். ஏற்கெனவே தெருவில் விற்பவர்களை எண்ணு. எண்ணி முடித்துச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அகற்றாதே. ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது மறுபடி எண்ணு. இடங்களைப் பரிந்துரைக்கும் நகர விற்பனைக் குழுவில் ஆணையர், காவல்துறை இவர்களோடு பத்துக்கு நான்கு பேராவது வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். காகிதத்தில் இப்படி. தெருவில் விசில் சத்தம் கேட்டதும் கொதிக்கும் சாம்பாரோடு வண்டி நகர்வதை நானும் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதே சட்டத்தில் 'இயல்புச் சந்தை' என்றொரு கருத்து இருக்கிறது. வாங்குபவரும் விற்பவரும் வழிவழியாகத் தாமாகவே கூடும் இடம் என்று பொருள். ரயில் நிலையப் படிக்கட்டின் அடி, மருத்துவமனை வாசல், கோயில் தேர்முட்டி இவற்றையெல்லாம் எந்தப் பொறியாளரும் சந்தையாக வரைந்து கொடுக்கவில்லை. பசித்தவர்களின் கால்கள் வரைந்த வரைபடம் அது. குழுவின் பரிந்துரையோடு அதை அரசிதழ் மொழிக்குள் கொண்டுவர ஒரு வழி திறந்திருக்கிறது.

சரி, நிற்க இடம் கிடைத்தது. சட்டியில் என்ன நடக்கிறது என்பது அடுத்த அதிசயம். ஃப்ரைடு ரைஸ் வண்டிகளில் மதியமே சோறு வடித்து ஆறவைத்திருப்பார்கள். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா நுண்வித்தாக, அதாவது தடித்த ஓட்டுக்குள் உறங்கும் வடிவில் இருக்கலாம். கொதிநீரிலும் அது சாவதில்லை. சோறு ஆறும்போது விழித்துக்கொள்கிறது. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தை ஆபத்து மண்டலம் என்பார்கள். அங்கே வசதி கிடைத்தால் பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கொரு முறை இரட்டிக்கக்கூடும். ஐந்து மணிக்கு ஒன்று இருந்தால் ஒன்பது மணிக்கு 4,096. பேசில்லஸ் சீரியஸ் உமிழும் நஞ்சுகளில் ஒன்று மறுபடி வாணலியில் புரட்டினாலும் அழியாது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் வெப்பமானியோடு வருவதன் காரணம் இதுதான்.

அவர் பையில் இன்னொரு கருவியும் இருக்கலாம். பஜ்ஜி எண்ணெயில் அதன் நுனியை முக்கினால் ஒரு விழுக்காட்டு எண் தெரியும். எண்ணெய் சூட்டிலும் காற்றிலும் மாவின் ஈரத்திலும் சிதைந்து 'துருவச் சேர்மங்கள்' ஆகிறது. ஒரு முனையில் நேர்மின்னும் மறுமுனையில் எதிர்மின்னும் ஒதுங்கிய மூலக்கூறுகள் அவை. அவை பெருகப் பெருக எண்ணெயின் மின்பண்பு மாறுகிறது. கருவி அளப்பது அந்த மாற்றத்தை. 2018 ஜூலை முதல் வரம்பு 25 விழுக்காடு. தாண்டிய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக மாற்றும் திட்டமும் உண்டு. நேற்று வாழைக்காய் பொரித்த எண்ணெய் நாளை லாரி ஓட்டும்.

அடுப்புக்கும் விதி உண்டு. வீட்டுக்கான 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரை வண்டியில் வைக்கக்கூடாது; வணிகத்துக்கு 19 கிலோ. தள்ளுவண்டிக்காரருக்கு அதைத் தூக்குவதைவிடப் பெரிய சிக்கல் முகவரிச் சான்று. அதற்கென்றே அடையாள அட்டை மட்டும் காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர் வந்தது. குட்டிதான், ஆனால் பாதி வெப்பம் வீணாய்ப் போனாலும் 400 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும்.

வண்டிக்கு எஞ்சின் பூட்டிவிட்டால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் வந்து சேரும். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வேனின் உடலைத் திறந்து சமையலறை அமைக்க முன் ஒப்புதல் வேண்டும். மத்திய அரசின் வாகன வகைப் பட்டியலில் நடமாடும் உணவகத்துக்குத் தனிப் பெயரே இருக்கிறது. ஆம்புலன்சும் அமரர் ஊர்தியும் இருக்கும் அதே பட்டியல்தான். சைக்கிள் சக்கரத்தில் தள்ளிப்போகும் வண்டிக்கு அதில் வேலையில்லை.

அந்தத் தள்ளுவண்டிக்காகச் சாலையோர வியாபாரிகள் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. பொருட்களைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். உரியவர் வந்து கேட்டால், உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு, கெடாத பொருட்களை இரண்டு வேலைநாளுக்குள் திருப்ப வேண்டும். கெடக்கூடியவற்றை அன்றைக்கே. தோசைக்கல்லுக்கு இரண்டு நாள் தவணை உண்டு. தோசை மாவுக்கு இல்லை. அது நாளைக்குள் புளித்துவிடும் என்று யாரோ யோசித்து எழுதியிருக்கிறார்கள்.