டிராக்டர் கவிழ்ந்தால் உயிர் காக்கும் பாதுகாப்பு வளைவு

டிராக்டர் வாங்கும்போது குதிரைத்திறன், டீசல் செலவு, மாதத் தவணை எல்லாம் விசாரிக்கிறோம். கவிழ்ந்தால் ஓட்டுபவர் பிழைப்பாரா என்று கேட்பவர்கள் குறைவு.

டிராக்டரின் எடை தரையிலிருந்து உயரத்தில் இருப்பதால், வாய்க்கால் கரையில் ஒரு சக்கரம் இறங்கினாலே பக்கவாட்டில் சாய்ந்துவிடும். பின்பக்கமாகக் கவிழ்வது இன்னும் ஆபத்து. சேற்றில் மாட்டிய பின்சக்கரத்தில் கட்டையைக் கட்டி எடுப்பது பல இடங்களில் நடக்கிறது. கட்டை தடுத்துச் சக்கரம் சுழல முடியாதபோது, எஞ்சினின் விசை டிராக்டரின் முன்பகுதியைத் தூக்கிவிடும். ஒன்றரை நொடிக்குள் மல்லாந்துவிடும். குதிக்க நேரம் இருக்காது. ரிவர்ஸில் எடுத்துப் பாருங்கள். வராவிட்டால் இன்னொரு டிராக்டரால் இழுங்கள். இழுக்கும் டிராக்டரில் கயிற்றைக் கீழே உள்ள இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும், அச்சுக்கு மேலே கட்டக் கூடாது.

இருக்கைக்குப் பின்னால் தலைகீழ் 'ப' வடிவில் நிற்கும் கனமான இரும்பு வளைவை 'ரோப்ஸ்' என்பார்கள். டிராக்டர் புரண்டாலும் ஓட்டுபவரைச் சுற்றி நசுங்காத இடத்தை இது விட்டு வைக்கும். சுவீடன் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அங்கே டிராக்டர் கவிழ்ந்து இறப்பது இப்போது அரிது. நிழலுக்குப் போடும் கூரையை இதுவென்று நினைத்துவிடாதீர்கள், அந்தக் குழாய்கள் எடை தாங்காது.

வளைவு இருந்தால் சீட் பெல்ட் கட்டாயம். பெல்ட் இல்லாவிட்டால் தூக்கி வீசப்பட்டு அந்த வளைவுக்கு அடியிலேயே சிக்கலாம். வளைவு இல்லாத டிராக்டரில் பெல்ட் போடக் கூடாது. தோப்பில் கிளை தட்டுகிறது என்று மடக்கினால், அப்போதும் பெல்ட் வேண்டாம். வெளியே வந்ததும் நிமிர்த்திவிடுங்கள். மட்கார்டில் உட்கார்ந்து வருபவரை எந்த வளைவும் காப்பாற்றாது.

பழைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் உங்கள் மாடலுக்கு ரோப்ஸ் கிடைக்குமா என்று டீலரிடம் கேளுங்கள். உள்ளூர்ப் பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்வது வேண்டாம். கம்பெனி வளைவு குறிப்பிட்ட அளவு வளைந்து அடியைத் தாங்கும்படி சோதிக்கப்பட்டது. அதில் துளை போடுவதும் தவறு. ஒருமுறை கவிழ்ந்தபின் நிமிர்த்தி மாட்டாமல் புதிதாக மாற்றுங்கள்.

சாலையில் ஏறும் முன் இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்த்துப் பூட்டுங்கள். வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் டிராக்டர் திரும்பிக் கவிழ்ந்துவிடும்.