கொழும்புத்துறை: ஊரும் ஆட்சியும்

கொழும்புத்துறை என்னும் பெயரை முதன்முறை கேட்கும் தென்னிலங்கையார், அது கொழும்பு நகருக்கு அயலில் உள்ள ஏதோவொரு படகுத்துறை என்று எண்ணி மயங்குவதுண்டு. கொழும்பிலிருந்து தரைவழியே ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வடக்கே, யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கு ஓரத்தில், களப்பைப் பார்த்தவாறு அமைந்திருக்கும் ஊர் இது. மேற்கே பாசையூர், வடகிழக்கே அரியாலை, அருகே நெடுங்குளம். தெற்கே நீர். அந்நீருக்கு அப்பால் பூநகரி. சுண்டிக்குளியிலிருந்து வருவோர் கொழும்புத்துறை வீதிவழியே வந்தால், பாதை எங்கே முடிகின்றதோ அங்கே துறை.

யானையிறவு வழியாகச் செல்லும் கண்டி வீதி செப்பமுறுவதற்கும், 1905-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் வருவதற்கும் முன்னர், குடாநாட்டுக்கும் பெருநிலப்பரப்புக்கும் இடையே போக்குவரத்துச் செய்தவர்களுக்கு இத்தகைய துறைகளே வாயில்களாக இருந்தன. பூநகரியினின்று தோணியேறி இக்கரை சேர்ந்தவருக்கு யாழ்ப்பாணத்தின் முதல் மண் கொழும்புத்துறை மண்தான். இன்று சங்குப்பிட்டியில் 2011-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாலத்தின்மேல் பேருந்துகள் விரைகின்றன. துறை என்னும் சொல் பெயரில் எஞ்சி நிற்க, கடற்றொழிலாளரின் வள்ளங்களே இப்போது அங்கே கட்டிக் கிடக்கின்றன.

இவ்வூரைப் பற்றி எழுதுவோர் யோகர் சுவாமிகளோடு தொடங்கி அவரோடேயே முடித்துவிடுவது வழக்கம். 1872-இல் பிறந்து 1964-இல் மறைந்த அப்பெரியார், சந்தியின் இலுப்பை மரத்தடியிலும் பின்னர் ஒரு சிறு குடிலிலும் வாழ்ந்ததனாலேயே கொழும்புத்துறையின் பெயர் கடல்கடந்தும் அறியப்பட்டது என்பதில் ஐயமில்லை. புனித பிரான்சிஸ் சவேரியார் பெரிய குருத்துவக் கல்லூரியும் இவ்வூரிலேயே இருக்கின்றது. ஆயினும் ஈண்டு நாம் சொல்லப் புகுந்தது வேறு. ஓர் ஊர் எங்ஙனம் ஆளப்படுகின்றது என்பதை அறிய விரும்பும் மாணவருக்குக் கொழும்புத்துறையைப் போலப் பொருத்தமான பாடம் அருகிலேயே கிடைப்பது அரிது.

முதலில் மண்ணையும் நீரையும் பார்ப்போம். குடாநாட்டில் ஆறென்று சொல்லத்தக்கது இல்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றே அப்பெயரைத் தாங்கியிருக்கின்றது. அடியில் இருப்பது சுண்ணக்கல். வாடைக்காற்றோடு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழை, அக்கல்லின் வெடிப்புகளின் வழியே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கின்றது. நன்னீர் கனம் குறைந்தது. உவர்நீர் கனம் கூடியது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது அறிஞர் கண்ட கணக்கு. அக்கணக்கைத் திருப்பிப் படித்தால் அச்சம் தோன்றும். கிணற்றிலே மேலே ஓரடி இறைத்துத் தாழ்த்திவிட்டால், கீழே உவர் 40 அடி ஏறி வர இடமுண்டு. களப்பின் கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இந்த அச்சம் மற்றவர்களைவிட அதிகம். ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டுக் கிணறு குடிக்க நன்றாயிருக்க, அடுத்த வீட்டுக் கிணறு துணி துவைக்க மட்டும் உதவுவதைக் கரையோர ஊர்களில் யாரும் கண்டிருப்பர்.

நம்மவர் பரவைக்கடல் என்று வழங்கும் இக்களப்பு ஆழமற்றது. இறாலும் நண்டும் சிறுமீனும் அதன் செல்வம். சிறகுவலை கட்டியும் வீச்சுவலை எறிந்தும் பிழைப்போர் பலர். அயலில் அரியாலைப் பக்கத்தில் உப்பாறு இக்களப்போடு கலக்கின்றது. மழைநீரைக் கடலுக்கு விடாது தடுத்து, யானையிறவு, வடமராட்சி, உப்பாறு ஆகிய நீர்ப்பரப்புகளை நன்னீராக்கிக் குடாநாட்டுக்கு ஓர் ஆற்றையே உண்டாக்கலாம் என்று பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் 1954-இல் முன்வைத்த திட்டத்தின் ஒரு முனை, அரியாலையின் அணைக்கட்டே. தொண்டைமானாறு மற்றொரு முனை. அத்திட்டம் முழுமை பெறவில்லை.

இனி ஆட்சி. ஆங்கிலேயர் காலத்தில் சாதாரண குடியானவனுக்கு அரசாங்கம் என்றால் விதானையாரே. அவருக்கு மேலே உடையார். அவருக்கு மேலே மணியகாரர். எல்லாருக்கும் மேலே கச்சேரியில் அரசாங்க அதிபர். 1829 முதல் 1867 வரை ஏறக்குறைய 38 ஆண்டுகள் வடபகுதியை ஆண்ட டைக்துரையும், அவருக்குப்பின் 1896 வரை இருந்த துவைனந்துரையும் குறுநில மன்னர் போன்ற செல்வாக்குடையவர்கள். டைக்துரை வளர்த்த பழைய பூங்காவின் மரங்கள் கொழும்புத்துறைக்குப் போகும் வழியில் இன்றும் நிழல் தருகின்றன. ஆனால் அவர்களுக்குக்கூட, எந்தக் காணி யாருடையது, எந்த வீட்டில் பிள்ளை பிறந்தது, யார் யாருடன் வேலிச் சண்டை என்பவற்றைச் சொல்லவேண்டியவர் விதானையாரே. நெடுங்காலம் அவர் முறையான சம்பளம் பெறும் உத்தியோகத்தர் அல்லர். அவருக்கிருந்த பெரும் ஊதியம் மதிப்பு. அம்மதிப்பைச் சிலர் ஊருக்காகவும், சிலர் தமக்காகவும் பயன்படுத்தினர். பழங்கதைகளில் நல்ல விதானையாரும் வருவார். வேலிக் கதியாலை இரவோடிரவாக நகர்த்துவோருக்குக் கண்ணை மூடிக்கொள்ளும் விதானையாரும் வருவார்.

மணியகாரர் பதவி 1940-களில் மறைந்து, காரியாதிகாரிமார் வந்தனர். 1963-இல் விதானை முறையும் ஒழிந்தது. அவ்விடத்துக்குப் பரீட்சையெழுதித் தெரிவாகும் கிராம சேவகர் வந்தார். அவரே இன்று கிராம அலுவலர். குடும்பச் செல்வாக்கால் வந்த பதவி, படித்த எந்தப் பிள்ளையும் எட்டக்கூடியதாயிற்று. இது சிறிய மாற்றமன்று. 1992-இன் சட்டத்தால் பிரதேச செயலகங்கள் வலுப்பெற்றபின், யாழ்ப்பாண மாவட்டம் 15 பிரதேச செயலகங்களும் 435 கிராம அலுவலர் பிரிவுகளுமாக நிற்கின்றது. நம் ஊர் அவற்றுள் இரண்டு: ஜே/62 கொழும்புத்துறை கிழக்கு, ஜே/63 கொழும்புத்துறை மேற்கு. அடையாள அட்டை விண்ணப்பமா, வதிவிடச் சான்றா, வாக்காளர் இடாப்பா, நிவாரணமா, அந்த இலக்கமே முதற்படி.

இந்த ஏணிக்குப் பக்கத்திலேயே இன்னோர் ஏணி இருக்கின்றது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. யாழ்ப்பாண நகருக்கு 1906-இல் உள்ளூர்ச் சபையும், பின் நகரசபையும், 1949 சனவரி முதல் மாநகரசபையும் அமைந்தன. கொழும்புத்துறை அதன் எல்லைக்குள் அடங்குவது. வாய்க்கால், ஒழுங்கை, தெருவிளக்கு, குப்பை, சந்தை, மக்கள் சோலைவரி என்று வழங்கும் ஆதனவரி யாவும் மாநகரசபையின் பொறுப்பு. கிராம அலுவலர் மத்திய அரசினால் நியமிக்கப்படுபவர். மாநகரசபை உறுப்பினர் மக்களால் தெரிவு செய்யப்படுபவர். இரண்டு ஏணிகளின் எல்லைகளும் ஒன்றையொன்று ஒத்து நிற்பதில்லை. மாநகரசபை யாழ்ப்பாணப் பிரதேச செயலர் பிரிவோடு நில்லாமல் நல்லூர்ப் பிரிவின் ஒரு பகுதியையும் தன்னுள் கொண்டிருக்கின்றது. இதனால் அரியாலையில் இருப்பவரும் கொழும்புத்துறையில் இருப்பவரும் ஒரே மாநகரசபைக்கு வரி கட்டி, வெவ்வேறு பிரதேச செயலகங்களுக்கு விண்ணப்பம் எழுதக்கூடும்.

2008 நவம்பரில் நிஷா என்னும் புயல் யாழ்ப்பாணத்தை மழையால் நிரப்பியதை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய மழையில் ஒரு கரையோர வீட்டின் முற்றத்தில் வெள்ளம் நிற்கின்றது என்று வைத்துக்கொள்வோம். வாய்க்கால் அடைபட்டிருந்தால் மாநகரசபை. அடுப்பு நனைந்து சமைத்த உணவு தேவைப்பட்டால் கிராம அலுவலர், அவர் வழியே பிரதேச செயலகம். வள்ளமும் வலையும் சேதமுற்றால் கடற்றொழில் திணைக்களம். கரை அரித்துக்கொண்டு போனால் கரையோரம் பேணல் திணைக்களம். வெள்ளம் ஒன்று, வாசல்கள் நான்கு. வீட்டுத் தலைவி இந்நான்கையும் அறிந்திருந்தால் ஒரு நாளில் முடியும் காரியம், அறியாவிட்டால் ஒரு மாதத்துக்கு இழுபடும். பாடசாலைகளில் குடியியல் கற்பிப்போர் நாடாளுமன்றத்தின் கதையைச் சொல்லுமுன் இந்த நான்கு வாசல்களைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளும் வீடும் பயன்பெறும் என்பது எம் எண்ணம்.

மக்கள் தெரிவுசெய்யும் ஏணியோ பல ஆண்டுகள் வெறுமையாகவே கிடந்தது. சபையின் ஆயுள் சட்டப்படி 4 ஆண்டுகள். ஆனால் 1983-க்குப்பின் யாழ்ப்பாண மாநகரசபைக்கு 1998, 2009, 2018, 2025 ஆகிய ஆண்டுகளிலேயே தேர்தல் நடந்தது. 1998-இல் தெரிவான முதல்வர் சரோஜினி யோகேஸ்வரனும், அவர்பின் அப்பதவியேற்ற பொன். சிவபாலனும் அவ்வாண்டிலேயே கொல்லப்பட்டனர். இடைப்பட்ட நீண்ட காலங்களில் ஆணையாளர்களே நிர்வாகத்தை நடத்தினர். வாய்க்கால் துப்புரவு அப்போதும் நடந்தது. ஆனால் எங்கள் ஒழுங்கையை விட்டுவிட்டீர்கள் என்று உரிமையோடு கேட்பதற்கு, நம்மிடம் வாக்குக் கேட்டு வந்தவர் எவரும் அந்தக் கதிரையில் இல்லை. அதே காலத்தில் கிராம அலுவலர் ஏணி அறவே அறுந்துபோகவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்களுள் மிகப் பெரும்பாலோர் நாவற்குழி வழியாகத் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, காணி உறுதியையும் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தையும் எடுக்க மறந்தவர் ஆயிரமாயிரம். திரும்பி வந்தபின் ஒருவர் இன்னார், இன்ன ஊரார் என்று எழுதிக்கொடுக்க ஓர் அலுவலர் தேவைப்பட்டார். ஊரை அறிந்த ஒருவரின் கையெழுத்துக்கு என்ன விலை என்பது அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது.

பிறநாட்டாரும் இதே சிக்கலை வேறுவிதமாக அவிழ்த்திருக்கின்றனர். போலந்து நாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே அடிப்படை ஆட்சி அலகு கிமினா எனப்படுவது. நாடு முழுவதும் ஏறத்தாழ 2,500 உண்டு. பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்தபின் 1990-இல் மக்கள் தெரிவுசெய்யும் சபைகள் அவற்றுக்குத் திரும்பக் கிடைத்தன. நாட்டுப்புறக் கிமினாவுக்குள் சிற்றூர்கள். ஒவ்வொன்றுக்கும் சொவ்த்திஸ் என்னும் தலைவர். நம் விதானையாரைப் போன்ற பழம்பதவிதான். வேறுபாடு என்னவெனில், ஊரார் கூட்டத்தில் கூடித் தாமே அவரைத் தெரிவு செய்கின்றனர். 2009-இன் சட்டப்படி கிமினா இசைந்தால் ஊருக்கென ஒரு சிறு நிதியும் ஒதுக்கப்படும். அதைக்கொண்டு குளக்கரையைச் செப்பனிடுவதா, பிள்ளைகளுக்கு விளையாட்டிடம் அமைப்பதா என்பதை அக்கூட்டமே முடிவு செய்யும். நாம் விதானையை ஒழித்துப் பரீட்சையை வைத்தோம். அவர்கள் தலைவரை வைத்துக்கொண்டு தேர்தலை நடத்தினர். குடும்ப ஆதிக்கத்தை நீக்க நமக்குப் பரீட்சை தேவையாயிருந்தது என்பது மெய். ஆனால் ஜே/62-இலும் ஜே/63-இலும் ஆண்டுக்கொரு தடவை ஊரார் கூடி, சிறுதொகை ஒன்றை எதற்குச் செலவிடுவது என்று வாதிடும் நாள் ஒன்று இருந்தால், இளைஞர் மாநாட்டுப் பேச்சுகளிலும் பார்க்க அதிகம் கற்றுக்கொள்வர்.

மாலையில் துறையில் நின்று பார்த்தால், சோளகம் வீசும் மாதங்களில் நீர் கலங்கியிருக்கும். எதிரே பூநகரிக் கரை ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். 1984-இல் கிளிநொச்சி தனி மாவட்டமாகும் வரை இரு கரைகளும் ஒரே கச்சேரியின் கீழ் இருந்தன. அவ்வாண்டு முதல் இந்தப் பரவைக்கடலின் நடுவே கண்ணுக்குத் தெரியாத மாவட்ட எல்லை ஓடுகின்றது. நாடாளுமன்றத் தேர்தல் வரும்போது மட்டும் அந்த எல்லை மறைந்துவிடும். இரு மாவட்டங்களும் சேர்ந்து யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டமாகவே வாக்களிக்கின்றன.