வேலை மாறும்போது பி.எஃப் பணத்தை எடுக்கலாமா? எடுத்தால் எதையெல்லாம் இழப்பீர்கள்?

பழைய கம்பெனியில் நோட்டீஸ் பீரியட் முடிகிறது. புது வேலையில் சேர இன்னும் சில வாரங்கள். அதற்குள் ‘பி.எஃப் பணத்தை எடுத்துடலாமா? பைக் கடனாவது அடையுமே’ என்ற யோசனை வந்துவிடும். ஆட்குறைப்பு, கல்யாணம், ஊர் மாற்றம் என எந்தக் காரணத்துக்காக வேலையை விட்டாலும் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. எடுக்கும் பணம் எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியும். அதோடு சேர்ந்து போகிற மூன்று விஷயங்கள் தெரியாது.

சம்பளத்தில் பிடிக்கும் பணம் எங்கே போகிறது?

அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி ஆகியவற்றில் 12 சதவீதம் ஊழியரிடம் பிடிக்கப்படும். நிறுவனமும் 12 சதவீதம் போட வேண்டும். ஆனால் நிறுவனத்தின் பங்கு முழுதும் பி.எஃப் கணக்குக்கு வராது. அதில் 8.33 சதவீதம், உச்சவரம்புக்கு உட்பட்டு, பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. மீதிதான் பி.எஃப்-இல் சேரும். பாஸ்புக்கில் இரண்டும் தனித்தனிப் பத்தியில் இருக்கும்.

இழப்பு 1: வட்டி மேல் வட்டி

2024-25 நிதியாண்டுக்கு பி.எஃப் வட்டி 8.25 சதவீதம். 28 வயதில் ஒருவர் கணக்கில் 2 லட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதே வட்டி தொடர்ந்தால், மேற்கொண்டு ஒரு ரூபாய்கூட போடாமலே 58 வயதில் அது சுமார் 21.5 லட்சம் ஆகும். வட்டி விகிதம் ஆண்டுதோறும் மாறலாம். ஆனாலும், இன்று எடுக்கும் 2 லட்சத்தின் உண்மையான விலை என்ன என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடும்.

‘வேலையை விட்டுட்டா வட்டி வராதே’ என்று அவசரப்பட்டு எடுப்பவர்களும் உண்டு. பணம் போடுவது நின்றாலும் 58 வயது வரை வட்டி சேரும்.

இழப்பு 2: வருமான வரி

5 ஆண்டு தொடர் சேவை முடிவதற்குள் மொத்தமாக எடுத்தால் அந்தப் பணத்துக்கு வரி உண்டு. தொகை 50,000 ரூபாயைத் தொட்டால், பான் எண் கொடுத்திருந்தாலும் 10 சதவீதம் டி.டி.எஸ் பிடிப்பார்கள். உடல்நலக் குறைவால் வேலை போனது, நிறுவனமே மூடப்பட்டது போன்ற காரணங்களுக்கு விலக்கு இருக்கிறது.

இந்த 5 ஆண்டும் ஒரே கம்பெனியில் இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றியிருந்தால் இரண்டு இடத்து வருடங்களும் சேர்த்தே கணக்கிடப்படும்.

இழப்பு 3: பென்ஷன் வருடங்கள்

பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மாதாந்திர பென்ஷன் கிடைக்க 10 ஆண்டு சேவை வேண்டும். உதாரணத்துக்கு, திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் 6 வருடம் வேலை பார்த்த பெண், கல்யாணத்துக்காக வேலையை விடுகிறார். பி.எஃப், பென்ஷன் இரண்டையும் எடுத்துவிடுகிறார். குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வேறு கம்பெனியில் சேர்ந்து 5 வருடம் உழைக்கிறார். மொத்தம் 11 வருட உழைப்பு. ஆனால் பென்ஷன் கணக்கில் இருப்பது 5 வருடம் மட்டுமே. பென்ஷன் கிடைக்காது.

முதல் 6 வருடத்தை அவர் தொடாமல் விட்டிருந்தால்? பென்ஷனுக்கான சம்பளத்தை 15,000 ரூபாய் என்று வைத்து, 11-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால், 58 வயதில் இருந்து மாதம் சுமார் 2,357 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஆயுள் முழுக்க வரும். அவருக்குப் பிறகு குடும்பத்துக்கும் பென்ஷன் உண்டு.

பணம் எடுத்தே ஆக வேண்டும் என்றால்?

மருத்துவச் செலவு, மாதக்கணக்கில் வருமானம் இல்லாத நிலை என்றால் எடுப்பதில் தவறில்லை. அதற்காகத்தான் அந்தப் பணம். ஆனால் பி.எஃப்-ஐ எடுத்தால் பென்ஷனையும் எடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. பி.எஃப்-க்கு படிவம் 19, பென்ஷனுக்கு படிவம் 10சி. இந்த 10சி படிவத்திலேயே பணத்துக்குப் பதில் ‘ஸ்கீம் சர்ட்டிஃபிகேட்’ கேட்கலாம். உழைத்த வருடங்கள் அதில் பத்திரமாக இருக்கும். பிறகு எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் அங்கே கொடுத்துத் தொடரலாம்.

இன்னொன்று: முழுத் தொகையையும் எடுப்பது வேலை இல்லாதவர்களுக்கான வசதி. புது வேலையில் சேர்ந்துவிட்டால் பழைய கணக்கை மாற்றுவதே முறை. 2025 அக்டோபரில் கூடிய இ.பி.எஃப்.ஓ மத்திய அறங்காவலர் குழு, கணக்கில் 25 சதவீதம் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும் என்றும், முழுதாக எடுப்பதற்கான காத்திருப்பை 2 மாதத்தில் இருந்து 12 மாதமாக உயர்த்துவது என்றும் முடிவு செய்தது. அடிக்கடி எடுப்பதால் கடைசியில் கணக்கில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பதே இதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

வேலை மாறும் முன் செய்ய வேண்டியவை

* புது நிறுவனத்தில் பழைய யு.ஏ.என் எண்ணையே கொடுங்கள். இரண்டாவது எண் வாங்காதீர்கள்.
* ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பி.எஃப் பதிவில் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வரலாம்.
* வேலையை விட்ட தேதியைப் பழைய நிறுவனம் பதிவு செய்ததா என்று பாருங்கள். செய்யாவிட்டால், 2 மாதம் கழித்து நீங்களே இணையதளத்தில் பதியலாம்.
* நாமினி பெயரைச் சேருங்கள், கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பியுங்கள். பணியில் இருக்கும்போது ஊழியர் இறந்தால், இ.டி.எல்.ஐ காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும்.
* இருப்பு தெரிய, பதிவு செய்த மொபைலில் இருந்து 9966044425 எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும்.

பி.எஃப்-இல் கை வைக்காமல் இருக்க ஒரு வழி, 3 முதல் 6 மாத வீட்டுச் செலவுக்கான பணத்தை வங்கியில் தனியாக வைத்திருப்பது. வேலை போனாலும் அடுத்த வேலை கிடைக்கும்வரை அது தாங்கும். ஓய்வுக்காலப் பணம் ஓய்வுக்காலத்துக்கே மிஞ்சும்.