சுவிஸ் வகுப்பறையில் ஆசியா

நாகர்கோவிலோடு இணைந்துவிட்ட கோட்டாறு பழைய வணிகத்தலம். சவேரியார் பேராலயமும் நெரிசலான கடைத்தெருவும் ஊருக்கு அடையாளம். 1990-களில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து டமாரிஸ் லூதி என்ற மானிடவியல் ஆய்வாளர் அங்கே வந்து தங்கினார். அவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள், சுத்தம். ஓர் ஊர் எதைச் சுத்தம் என்கிறது, எதை அழுக்கு என்கிறது, அந்தக் கணக்கில் பாவம் எங்கே வந்து சேர்கிறது என்பதையெல்லாம் அவர் ஆராய்ந்தார். அடுத்து அவர் கையிலெடுத்த ஆய்வுக்கு விமானம் ஏற வேண்டியிருக்கவில்லை. பெர்ன் வட்டாரத்தில் குடியேறிய ஈழத்தமிழ் அகதிகளின் உறவுகளும் மதிப்பீடுகளும் புலம்பெயர்ந்த மண்ணில் என்னவாகின்றன என்பதே அந்த ஆய்வு. 2005-ல் அது வெளிவந்தது.

ஆசிய மொழிகளையும் பண்பாடுகளையும் சமூகங்களையும் எதற்காகப் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு சுவிட்சர்லாந்து இருநூறு ஆண்டுகளில் வெவ்வேறு விடைகளைச் சொல்லியிருக்கிறது. முதலில் மதம் பரப்பப் படித்தார்கள். பிறகு பழைய நூல்களுக்காகப் படித்தார்கள். இப்போது அடுத்த வீட்டுக்காரரைப் புரிந்துகொள்ளவும் படிக்கிறார்கள். இந்தக் கடைசி மாற்றத்தில் தமிழர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் தமிழுக்கென ஒரு பேராசிரியர் இருக்கை சுவிஸ் பல்கலைக்கழகம் எதிலும் இல்லை. பேசப்பட வேண்டிய குறை இது.

தொடக்கம் பாசல் நகரில். 1815-ல் அங்கே பாசல் மிஷன் நிறுவப்பட்டது. அதன் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தவர்களில் பலர் தென்மேற்கு ஜெர்மனியின் உழவர், கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகள். 1834-ல் முதல் மூவர் கோழிக்கோட்டில் கரையிறங்கி மங்களூருக்குப் போனார்கள். 1841-ல் மங்களூரில் அச்சகம் வந்தது. ஓட்டு வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்த மங்களூர் ஓடும் அந்த மிஷனின் தொழிற்சாலையில் பிறந்ததுதான்.

மதம் பரப்ப வந்தவர்கள் மொழி கற்றே ஆக வேண்டியிருந்தது. சிலர் கற்றதோடு நிற்கவில்லை. ஷ்டுட்கார்ட்டில் பிறந்து டூபிங்கனில் படித்த ஹெர்மன் குண்டர்ட் 1836-ல் சென்னைக்கு வந்தார். அவர் முதலில் வேலை செய்தது திருநெல்வேலியிலும் சித்தூரிலும். ஆகவே தமிழ் அவருக்கு முன்னதாகவே கைவந்தது. 1838-ல் பாசல் மிஷனில் சேர்ந்து மேற்குக் கரைக்குச் சென்றவர், தலச்சேரியில் இருந்தபடி மலையாள இலக்கணம் எழுதினார். 1847-ல் ‘ராஜ்யசமாசாரம்’ என்ற மலையாள இதழைத் தொடங்கினார். 1872-ல் அவருடைய மலையாள–ஆங்கில அகராதி வெளிவந்தது. அதே மிஷனைச் சேர்ந்த ஃபெர்டினான்ட் கிட்டெல் ஏறத்தாழ 70,000 சொற்கள் கொண்ட கன்னட–ஆங்கில அகராதியை 1894-ல் முடித்தார். சமற்கிருதம் திராவிட மொழிகளிடமிருந்து கடன் பெற்றதாகத் தாம் கருதிய சொற்களை அதன் முன்னுரையில் பட்டியலிட்டுக் காட்டினார் கிட்டெல். வடமொழியிலிருந்தே எல்லாம் தெற்கே வந்தன என்ற எண்ணம் ஓங்கியிருந்த காலத்தில் அதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பாதை உண்டென்று சான்று தேடிய உழைப்பு அது. திராவிட ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லைப் போற்றும் தமிழ் உலகம் கிட்டெலையும் இன்னும் கொஞ்சம் நினைக்கலாம்.

குண்டர்ட்டின் மகள் மரீ 1842-ல் தலச்சேரியில் பிறந்தார். மரீயின் மகன்தான் நாவலாசிரியர் ஹெர்மன் ஹெஸ்ஸே. சிறுவயதில் சில ஆண்டுகள் பாசலில் வளர்ந்த ஹெஸ்ஸே, பிற்பாடு சுவிஸ் குடிமகனானார்; தெற்கு சுவிட்சர்லாந்தின் மொந்தஞ்ஞோலாவில் ‘சித்தார்த்தா’வை எழுதி 1922-ல் வெளியிட்டார். உலகெங்கும் இளைஞர்களை இந்தியாவை நோக்கித் திருப்பிய அந்த நாவலின் வேர் ஓர் அகராதிக்காரரின் வீட்டில் இருக்கிறது.

பல்கலைக்கழகங்கள் வேறு வழியில் ஆசியாவுக்கு வந்தன. இன்றைய மொழியியலின் தந்தை என்று மதிக்கப்படும் ஃபெர்டினான் த சொசூர் 1891 முதல் ஜெனீவாவில் கற்பித்தது சமற்கிருதமும் இந்தோ–ஐரோப்பிய மொழி ஒப்பீடும்தான். முனைவர் பட்டத்துக்கு அவர் எழுதியதும் சமற்கிருத இலக்கணம் பற்றியே. அவருக்குப் புகழ் தந்த பொது மொழியியல் வகுப்புகள் 1907 முதலே நடந்தன. மாணவர்களின் குறிப்பேடுகளைக் கொண்டு அவை நூலானது, அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1916-ல். பாசலில் யாக்கோப் வாக்கர்நாகல் பழைய இந்திய மொழி பற்றிய தம் பேரிலக்கணத்தின் முதல் தொகுதியை 1896-ல் கொண்டுவந்தார். வேத மொழியை ஆராய்பவர்கள் அதை இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

இந்தியாவிலிருந்தும் சுவிஸ் வகுப்பறைகளுக்கு ஆட்கள் போனார்கள். திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த செண்பகராமன் பிள்ளை 1910 முதல் சூரிச்சின் தொழில்நுட்ப உயர்கல்விக்கூடத்தில் படித்தார். 1914-ல் அங்கேயே இந்திய விடுதலைக்காகப் பன்னாட்டுக் குழு ஒன்றை அமைத்தார். போர் மூண்டதும் பெர்லினுக்குப் போய்விட்டார். சூரிச் பேராசிரியர்கள் வேத இந்தியாவைப் படித்துக்கொண்டிருந்த அதே நகரில், அடிமைப்பட்ட இந்தியாவின் குரலை எழுப்பியவர் ஒரு மாணவர்.

இன்று சூரிச் பல்கலைக்கழகத்தின் ஆசிய–கீழைத்தேய நிறுவனத்தில் இந்தியவியல், சீனவியல், ஜப்பானியவியல், இஸ்லாமியவியல் எல்லாம் ஒரே குடையின்கீழ் நடக்கின்றன. லொசானில் சமற்கிருதமும் இந்தி–உருதுவும் உண்டு. பௌத்தமும் சமணமும் தோன்றிய மகத நிலம் வேதப் பண்பாட்டுக்கு வெளியே தனித்து வளர்ந்தது என்று வாதிட்டுப் பெரிய விவாதத்தைக் கிளப்பிய யோகன்னஸ் பிராங்கோர்ஸ்ட், 1987 முதல் 2011 வரை பேராசிரியராக இருந்தது லொசானில்தான். ஜெனீவாவில் சீனமும் ஜப்பானியமும். நாட்டின் ஆசிய ஆய்வாளர்களை இணைக்கும் சங்கம் 1939-ல் உருவாகி, 1947 முதல் ‘ஆசியாட்டிஷே ஷ்டூடியன்’ என்ற ஆய்விதழை நடத்திவருகிறது. தொண்ணூறு லட்சம் பேர் மட்டுமே வாழும் நாட்டுக்கு இது சின்ன ஏற்பாடு அல்ல.

சேரும் மாணவருக்கு முதலில் வாய்ப்பது மொழியின் சுமை. இளங்கலைக்கு 180 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. அதில் கணிசமான பங்கை எழுத்தும் இலக்கணமும் விழுங்கிவிடும். தேவநாகரி எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் ஒருவர் சந்தி பிரித்து ஒரு சுலோகத்துக்குப் பொருள் காணும் வரை பொறுமை வேண்டும். மொழிக்குப் பக்கத்தில் வரலாறு, சமயம், அரசியல், திரைப்படம் எனப் பாடங்கள் விரியும். பலர் இன்னொரு துறையைத் துணைப்பாடமாக எடுக்கிறார்கள். சட்டமோ பொருளியலோ இதழியலோ தெரிந்த ஒருவருக்கு ஓர் ஆசிய மொழியும் ஆழமாகத் தெரிந்தால் அதன் பயன் வேறு.

புத்தகத்துக்கு வெளியே படிக்கவும் சூரிச்சில் இடமுண்டு. 1952-ல் திறந்த ரீட்பெர்க் அருங்காட்சியகம் ஐரோப்பாவுக்கு வெளியேயான கலைகளுக்கென்றே இருப்பது. தமிழ்நாட்டிலிருந்து போன சோழர் கால நடராசர் செப்புத்திருமேனி அங்கே நிற்கிறது. தூக்கிய திருவடியையும் சுடர்வட்டத்தையும் கண்ணாடிக்கு இப்பால் நின்று கையேட்டில் வரைந்துகொள்ளும் மாணவர், அந்தத் திருமேனிக்கு ஒரு காலத்தில் அபிஷேகமும் வீதியுலாவும் இருந்தன என்பதையும் கேட்டறிய வேண்டும். அதைச் சொல்லித்தர ஆசிரியர் தேவை. அந்த ஆசிரியருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் தேவாரத்தையும் கல்வெட்டையும் அருகில் வைத்துப் பேசலாம். ரீட்பெர்க்கோடு தொடர்புள்ள சுவிஸ் கலைஞர் அலிஸ் போனர் 1936 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் காசியில் வாழ்ந்து, கோயில் சிற்பங்களின் அமைப்பை ஆராய்ந்தவர். ஒடிசா கோயிற்கலை நூலான ‘சில்பப் பிரகாச’த்தை சதாசிவ ரத் சர்மாவோடு சேர்ந்து பதிப்பித்தார். சூரிச் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டமும், இந்திய அரசு 1974-ல் பத்மபூஷணும் அளித்தன. அவர் சேர்த்த கலைப்பொருட்களும் ரீட்பெர்க்கில்தான் இருக்கின்றன.

இத்தனையும் ஆசியா தொலைவில் இருந்த காலத்தின் கதை. 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. இலங்கையில் வீடு எரிந்து, உயிர் தப்பி வந்த தமிழ் இளைஞர்கள் சுவிட்சர்லாந்தில் தஞ்சம் கேட்டார்கள். உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவினார்கள், மருத்துவமனையில் துப்புரவு செய்தார்கள், தங்கையின் கல்யாணத்துக்குப் பணம் அனுப்பினார்கள். இன்று அங்கே தமிழர் தொகை ஐம்பதாயிரம் அளவில் என்று மதிப்பிடப்படுகிறது. பலர் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்டார்கள்.

பல்கலைக்கழகங்கள் இவர்களைக் கவனித்தன என்பதையும் சொல்ல வேண்டும். சுவிஸ் தமிழரின் தஞ்சம், குடியேற்றம், அரசியல் பற்றி கிறிஸ்டஃபர் மெக்டவல் எழுதிய நூல் 1996-ல் வந்தது. லூசர்ன் பல்கலைக்கழகத்தின் சமயவியல் பேராசிரியர் மார்ட்டின் பௌமனும் மற்ற இருவரும் தொகுத்த ‘இரண்டாம் தாயகத்தில் கோயில்களும் தமிழர்களும்’ என்று பொருள்படும் ஜெர்மன் நூல் 2003-ல் வெளியானது. ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளிலும் ஸ்காண்டிநேவியாவிலும் எழுந்த ஈழத்துச் சைவக் கோயில்களை ஆராயும் நூல் அது. பெர்ன் நகரின் ஐரோப்பா சதுக்கத்தில் 2014 டிசம்பரில் திறந்த ‘சமயங்களின் இல்லம்’ இத்தகைய ஆய்வுக்கு வாய்த்த நல்ல களம். ஒரே கட்டடத்துக்குள் பௌத்த விகாரை, பள்ளிவாசல், தேவாலயம், அலெவி வழிபாட்டிடம், சைவநெறிக்கூடம் என்ற தமிழ்ச் சைவ அமைப்பின் கோயில். அந்தக் கோயிலில் கருவறை வழிபாடு தமிழில் நடக்கிறது. பெண்களும் பூசை செய்கிறார்கள். தமிழகத்தில் எத்தனையோ ஆண்டுகளாக வழக்கும் போராட்டமுமாக நீளும் ஒன்று, பெர்னில் அன்றாடமாகிவிட்டது. சமயவியல் படிக்கும் மாணவருக்கு இதைவிட உயிருள்ள பாடம் வேண்டுமா?

ஆனால் ஒரு சிக்கல். மேற்கண்ட ஆய்வுகளில் தமிழர் ஆராயப்படுபவராக வருகிறார். தமிழ் ஒரு கல்வித்துறையாக வருவதில்லை. ஒரு சமூகத்தின் கோயிலையும் கல்யாணத்தையும் ஆராய்ந்து, அதன் இரண்டாயிரம் ஆண்டு இலக்கியத்தை வகுப்பறைக்கு வெளியே விட்டுவைத்தால் அந்தப் படிப்பு பாதிதான்.

தமிழரோ தம் பங்கைச் செய்திருக்கிறார்கள். சுவிஸ் தமிழ்க் கல்விச்சேவையின் பள்ளிகளில் புதன் பிற்பகலிலும் சனிக்கிழமையிலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தமிழ் படிக்கிறார்கள். ஆண்டுதோறும் நாடு தழுவிய பொதுத்தேர்வு எழுதுகிறார்கள். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து பாடம் சொல்லித்தருகிற அம்மாக்களும் அப்பாக்களும்தான் அங்கே ஆசிரியர்கள். பதின்பருவம் வரை இப்படிப் படித்துவரும் பிள்ளைக்கு, அதற்கு மேல் சுவிட்சர்லாந்தில் படி இல்லை. தமிழைப் பட்டப்படிப்பாகப் படிக்க நினைத்தால் பாரிசுக்கோ ஜெர்மனிக்கோ போக வேண்டும். ஹாம்பர்க்கில் ஏவா வில்டன் சங்க இலக்கிய ஏடுகளைப் பதிப்பித்துவருகிறார். கொலோன் தமிழ்த்துறை மூடப்படும் அபாயம் வந்தபோது அதைக் காக்க உலகத்தமிழரிடமிருந்து குரல் எழுந்தது. இருப்பதைக் காக்கவே அவ்வளவு பாடு.

சிறுபான்மை மொழிக்கு இருக்கை தருவது சுவிட்சர்லாந்துக்குப் புதிது அல்ல. 1938-ல் மக்கள் வாக்கெடுப்பில் நான்காவது தேசிய மொழியாக ஏற்கப்பட்ட ரோமாஞ்சு மொழியைத் தம் முதன்மை மொழியாகச் சொல்பவர்கள் நாற்பதாயிரம் பேர் அளவில்தான். சூரிச் பல்கலைக்கழகத்தில் அதற்குப் பேராசிரியர் உண்டு. மண்ணின் மொழிக்கும் வந்து சேர்ந்த மொழிக்கும் ஒரே உரிமை என்று வாதிட முடியாதுதான். என்றாலும், ஆட்கணக்கைக் காட்டித் தமிழை ஒதுக்க வழியில்லை என்பது இதிலிருந்து தெளிவு.

“இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?” என்று தமிழ்ப் பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏழ்மையும் போரும் கண்டவர்கள் பிள்ளையை மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ வங்கி அதிகாரியாகவோ பார்க்க ஆசைப்படுவதில் தவறில்லை. சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே பல்கலைக்கழகத்துக்கு நேராக இட்டுச்செல்லும் மத்தூரா தேர்வை எட்டுகிறார். பெரும்பான்மையோர் தொழிற்பயிற்சிக்குப் போய்விடுகிறார்கள். அவ்வளவு பாடுபட்டு எட்டிய பிள்ளை ‘தமிழ் படிக்கிறேன்’ என்றால் வீட்டில் அமைதி நிலவாது. ஆனால் தஞ்சக்கோரிக்கை விசாரணையிலும் நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் மொழிபெயர்ப்பாளர் தேவை. தவறாகப் பெயர்த்த ஒரு வாக்கியம் ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். வெளியுறவுத்துறை, வளர்ச்சி உதவி நிறுவனங்கள், அருங்காட்சியகம், செய்தி ஊடகம், பள்ளிக்கல்வி என ஆசியா அறிந்தவரைத் தேடும் இடங்கள் உண்டு. மருத்துவம் போன்ற சில துறைகள் தவிர, மத்தூரா பெற்றவருக்கு எல்லாத் துறைகளின் கதவும் திறந்தே இருப்பதால், தமிழைத் துணைப்பாடமாக வைத்துக்கொண்டு சட்டமும் படிக்கலாம்.

வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ், தெருவில் சுவிஸ் ஜெர்மன், பள்ளியில் எழுத்து ஜெர்மனும் பிரெஞ்சும் ஆங்கிலமும் என்று வளரும் இந்தத் தலைமுறையைப் போல ஆசியவியலுக்குத் தயாராக வந்த மாணவர் அந்நாட்டு வரலாற்றில் இல்லை. குண்டர்ட்டுக்கு ஆண்டுக்கணக்கில் பிடித்தது அவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்துவிட்டது. குறைவது பயிற்சி: நன்னூல், கல்வெட்டு, ஏட்டுச்சுவடி, ஒப்பிலக்கணம். அதைத் தருவதுதான் பல்கலைக்கழகத்தின் வேலை.

அவர்களுக்காகவே காத்திருப்பதுபோல வேலையும் கிடக்கிறது. பாசல் மிஷன் 1846-ல் நீலகிரியில் கேத்தியில் கால்வைத்தது. அங்கே பணியாற்றிய மெட்ஸ் என்ற மிஷனரி படகர், தோடர், கோத்தர், குறும்பர் பற்றி நூல் எழுதினார். அந்த மிஷனரிகள் தலைமையிடத்துக்கு எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் புகைப்படங்களும் பாசல் ஆவணக்காப்பகத்தில் ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கின்றன. படங்களில் ஏராளமானவை இணையத்திலும் ஏறிவிட்டன. கடிதங்களோ குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தில் உள்ளன. இன்றைய ஜெர்மானியரிலேயே பலர் அதைத் தனியாகப் பயிலாமல் வாசிக்க முடியாது. வாசிக்கக் கற்ற ஜெர்மானியருக்கோ, அதில் வரும் ஊர்ப்பெயரும் சாதிப்பெயரும் சடங்குப்பெயரும் பெரும்பாலும் புரியாது. இரண்டையும் அறிந்த ஒரு தமிழ் மாணவி, சூரிச்சிலிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில், அந்தக் கட்டுகளை அவிழ்த்து நீலகிரியின் பத்தொன்பதாம் நூற்றாண்டைப் படிக்கலாம். அவருக்கு வழிகாட்டத் தமிழறிந்த ஒரு பேராசிரியரை எந்தப் பல்கலைக்கழகம் முதலில் நியமிக்கப்போகிறது என்பதுதான் இப்போது சுவிஸ் தமிழ் அமைப்புகளும் கல்வி நிர்வாகிகளும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.