கையெழுத்துக்கு முன் வாக்கு

2024 அக்டோபர் 7 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிற்சாலை வேலைநிறுத்தத்தில் உடன்பாடு ஏற்பட்டுவிட்டதாக அரசு அறிவித்தது. கையெழுத்திட்டது நிர்வாகமும் ஒரு தொழிலாளர் குழுவும். போராட்டப் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. அக்டோபர் 15-இல், 37-ஆம் நாளில்தான் வேலைநிறுத்தம் முடிந்தது. என் பெயரில் யார் கையெழுத்திடலாம் என்ற கேள்வி, தாம்பரத்திலிருந்து ஒரகடத்துக்கும் மறைமலைநகருக்கும் கம்பெனி பஸ் ஏறும் ஒவ்வொருவருக்கும் உரியது.

நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் அந்த இரு தரப்பை மட்டுமே கட்டுப்படுத்தும். சமரச அதிகாரி முன்னிலையில் போடுவது வேறு. பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் பிரிவெண்ணால் 12(3) என்று நாம் சொல்லிப் பழகிய அந்த ஒப்பந்தம் சங்கத்தில் இல்லாதவரையும், எதிர்த்தவரையும், நாளை வேலைக்குச் சேரப்போகிறவரையும் கட்டும். கோவை லோட்டஸ் மில் வழக்கில், லே-ஆஃப் இழப்பீட்டு ஒப்பந்தத்தில் தங்கள் சங்கம் கையெழுத்திடவில்லை என்று வாதாடிய தொழிலாளர்களையும் அது கட்டுப்படுத்தும் என்றே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 51 சதவீத ஆதரவுள்ள சங்கத்தைப் பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்கிறது. பழைய சட்டமும் சரி, புதியதும் சரி, ஒப்பந்தத்தை உறுப்பினர் வாக்குக்கு விடச் சொல்லவில்லை.

தாம்பரத்து ரயில்வே ஊழியர்கள் 2024 டிசம்பரில் எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் என்பதை ரகசிய வாக்கால் தீர்மானித்தார்கள். சங்கத்தைத் தேர்ந்தெடுக்கப் பெட்டி இருக்கிறது. அது போடும் ஒப்பந்தத்துக்கு இல்லை.

கேட் மீட்டிங்கில் உயர்வுத் தொகை ஒன்றை அறிவிப்பார்கள், கைதட்டல் எழும். அது மூன்று ஆண்டுக்கும் சேர்த்தா, அதில் அடிப்படைச் சம்பளத்தில் சேர்வது எவ்வளவு, அதற்கு ஈடாக உற்பத்தி இலக்கு எவ்வளவு ஏறுகிறது, டிரெய்னிகளுக்கு உண்டா என்பதெல்லாம் உள்ளே இருக்கும் பக்கங்களில்தான் தெரியும். கையெழுத்தான பிறகு வழக்குப் போட்டால், ஒரு பிரிவு பாதகம் என்பதை மட்டும் வைத்து வெல்வது கடினம். நீதிமன்றம் ஒப்பந்தத்தை மொத்தமாகவே எடைபோடும்.

வாக்கெடுப்பு வைத்தால் உள்ளே பிளவு இருப்பது நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடும் என்று சில தலைவர்கள் அஞ்சுகிறார்கள். ஆனால் 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் போயிங் தொழிலாளர்கள், சங்கத் தலைமை பரிந்துரைத்த 25 சதவீத உயர்வை 94.6 சதவீத வாக்குகளால் நிராகரித்தார்கள். ஏழு வாரத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்து, நான்கு ஆண்டுக்கு 38 சதவீதம் பெற்றார்கள். அத்தனை வாரம் சம்பளமில்லாமல் தாக்குப்பிடிக்க முடியுமா என்பதையும் எண்ணித்தான் வாக்களிக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் வீட்டு வாடகை கட்டுகிறவர்தான், அவருக்காக வேறொருவர் அல்ல.

இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சங்க விதிகளைப் பேரவையில் திருத்தி, பதிவாளரிடம் பதியலாம். வரைவு ஒப்பந்தம் முழுவதும் தமிழில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். எல்லா ஷிஃப்டுக்கும் ரகசிய வாக்கெடுப்பு நடக்க வேண்டும். பெரும்பான்மை கிடைத்த பிறகே கையெழுத்து என்று ஒரு விதி போதும். கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் பார்க்கும் உரிமை உங்களுக்கு ஏற்கெனவே உண்டு. உங்கள் ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று பாருங்கள். அதற்கு முந்தைய பேரவையிலேயே இந்தத் தீர்மானத்தைக் கொடுங்கள்.