எழுத்துக் கூட்டுவதிலிருந்து வாசிப்பு வரை

தமிழ் எழுத்துகள் 247 என்றாலும், முதல் வகுப்புக் குழந்தை அத்தனை வடிவங்களையும் தனித்தனியே மனத்தில் ஏற்ற வேண்டியதில்லை. 12 உயிரும் 18 மெய்யும் சில குறியீடுகளும் கைவந்துவிட்டால் பெரும்பாலான உயிர்மெய்கள் எளிதாகிவிடும். ஆயினும் சில இடங்கள் குழந்தையைத் தடுமாற வைக்கும். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. உகர வரிசையில் கு, சு, து என எழுத்துக்கு எழுத்து வளைவு மாறுகிறது. இந்த வரிசைகளுக்குக் கூடுதல் நாள் ஒதுக்குவதே நல்ல கற்பித்தல்.

அ, ஆ என்று தொடங்குவதே நெடுங்கால வழக்கம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் இந்த வரிசையை மாற்றியது. அதில் எழுத எளிதான ட, ப, ம போன்ற எழுத்துகள் முதலில் வந்தன. சில நாள்களிலேயே ‘படம்’, ‘பட்டம்’, ‘மடம்’ எனப் பொருளுள்ள சொற்களைக் குழந்தையே வாசித்துவிடும். தன்னால் வாசிக்க முடியும் என்ற நம்பிக்கையை இவ்வளவு விரைவில் தந்ததுதான் அம்முறையின் பெரிய சாதனை. குழந்தை கற்றல் அட்டைகளைத் தானே எடுத்து, பாடங்களைப் படிப்படியாக அடுக்கிய கற்றல் ஏணியில் தன் வேகத்தில் ஏறவும் அது வழிசெய்தது.

வீட்டுப் பேச்சில் ‘எல’, ‘வெரல்’. புத்தகத்திலோ ‘இலை’, ‘விரல்’. குழந்தையின் சொல்லைத் தவறென்று தள்ளினால் அது வாய் திறக்கவே அஞ்சும். அதை ஏற்றுக்கொண்டு எழுத்து வடிவத்தைப் பக்கத்தில் காட்டினால் இரண்டும் மனத்தில் இணையும்.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் ஏற்பட்ட இடைவெளியை நிரப்பத் தமிழக அரசு 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கிய இத்திட்டத்தில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் கற்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் படித்தாலும் எழுத்து தெரியாத குழந்தை அரும்பிலிருந்தே தொடங்கலாம். வகுப்பைப் பார்க்காமல் குழந்தையின் நிலையைப் பார்ப்பதே நியாயம்.

எழுத்துக் கூட்டத் தெரிவது பாதி வழிதான். ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுத்தடுமாறிப் படிக்கும் குழந்தை, வாக்கியத்தின் முடிவை எட்டுமுன் தொடக்கத்தை மறந்துவிடுகிறது. கணக்கில் கூட்டலும் கழித்தலும் தெரிந்திருந்தும் வினா புரியாமல் விடை தவறுகிறது. ஆசிரியர் கதையை உரக்க வாசிப்பது, அதே கதையைக் குழந்தைகள் மறுபடி வாசிப்பது, பின் தம் சொற்களில் திருப்பிச் சொல்வது ஆகிய பயிற்சிகள் இத்தடையை நீக்குகின்றன. அதற்குத் தரத்துக்கேற்ற கதைப்புத்தகங்கள் வேண்டும். தமிழகப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என நான்கு படிநிலைகளில் சிறு நூல்களைத் தந்திருக்கிறது. அவை அலமாரியில் பூட்டிக் கிடக்காமல், கிழிந்தாலும் பரவாயில்லை என்று குழந்தைகளின் கைக்குப் போக வேண்டும்.