சிறு படகுக்கு ஏற்ற ஒட்டுப்பலகை

ஏரியில் ஆகாயத்தாமரை களையவும் மதகைப் பார்வையிடவும் சிறு படகொன்றைத் தாமே செய்ய முற்படும் குடியானவர்கள், முதற்படகுக்கு 710ஆம் எண் முத்திரையிட்ட விலையுயர்ந்த கப்பற்பலகையை வாங்கவேண்டுவதில்லை. பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகையில் மரத்தினும் பசையே முக்கியம். யூரியா பசையிட்டது அலமாரிக்கே உதவும்; நீரில் ஊறினால் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். நடு ஏரியில் அவ்வாறு நேரின் உயிருக்கே அபாயம். ஆகையால் பீனால் பசையிட்டதையே கேட்டு வாங்குக. கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பாமல், சிறு துண்டொன்றைச் சில மணி நேரம் கொதிநீரிலிட்டு, உலர்த்தி, மறுபடியும் கொதிக்கவைத்துக் கத்தியால் நெம்பிப் பார்ப்பது நலம். செலவு விறகு மட்டுமே. விளிம்பில் பொந்துகள் தென்படும் பலகையைத் தள்ளிவிடுக. அங்கே திருகாணி பிடிக்காது. நீர் தங்கி மரமும் அழுகும். 8 அடிப் படகுக்கு 6 மில்லிமீட்டர் கனம் போதும். வெட்டிய விளிம்புகளுக்கு இபாக்சி பூசாமல் படகை நீரில் இறக்கலாகாது.